வாசலில் கழற்றிய பூட்ஸ்

நீங்கள் கூரியரில் அனுப்பிய தாள்கட்டு திங்கட்கிழமை மதியம் கோவிலம்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நம் காமிக்ஸ் பதிப்பகத்தின் வரலாற்றைப் படங்களோடு புத்தகமாகக் கொண்டுவருகிறீர்கள். அச்சுக்குப் போகும் முன் நான் ஒருமுறை பார்க்க வேண்டும், பழைய புகைப்படங்களில் இருப்பவர்களின் பெயரை எழுதித் தர வேண்டும், கூடவே புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எட்டுப் பேருக்கும் என் அனுபவம் என்று கொஞ்சம் எழுத வேண்டும் என்று புத்தகப் பொறுப்பாளர் நிவேதா கேட்டிருந்தார். அறிவுரையாக இல்லாமல் ஜாலியாக இருக்கட்டும் என்றும் சொல்லியிருந்தார். ஜாலியாகத்தான் ஆரம்பித்தேன்.

முதலில் ஆயுத பூஜைப் படம். குரோம்பேட்டை அலுவலக வாசலில் பதினொரு பேர், நெற்றியில் பொட்டும் கையில் பொரிப் பொட்டலமுமாக நிற்கிறோம். இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயராக எழுதினேன். ஒருவரின் இனிஷியல் மறந்துவிட்டது. போன் போட்டுக் கேட்கலாம் என்று எழுந்தபோதுதான் உறைத்தது, படத்தில் உள்ளவர்களில் போன் எடுக்கக்கூடிய ஆள் நான் மட்டும்தான் மிச்சம். மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

என் வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. பையன் புனேயில் இருக்கிறான். போன தடவை வந்தவன், வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு கிடந்தால் தனி ஆள் என்று கண்டவனுக்கும் தெரிந்துவிடும் என்று சொல்லி, தன் பழைய ஷூவை என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். நான் அதை வாரத்துக்கு ஒருமுறை துடைத்து, கொஞ்சம் இடம் மாற்றி வைக்கிறேன். அசையாத ஷூவையும் கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா.

அப்புறம் நாற்பத்து மூன்றாம் பக்கம் வந்தது. ஒரு கௌபாய் கதையின் கடைசிப் பக்கத்தை முழுப் பக்கத்துக்குப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறீர்கள். ஆளரவம் இல்லாத தெரு, மூடிய கதவுகள், நிழலில் படுத்திருக்கும் நாய். ஷெரீப் தனியாக வீடு திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில் அவர் இல்லை. மூன்று படிகளும், மேல் படியில் அவர் கழற்றி வைத்த பூட்ஸும் மட்டும். அதன் கீழே நீங்கள் எழுதியிருக்கும் குறிப்பு: 'புழுதி மிகுந்த அந்தப் பிரதேசத்தில் காலணியை வாசலிலேயே கழற்றும் வழக்கத்தை இந்த வெளிநாட்டு ஓவியர் நுட்பமாகப் பதிவுசெய்திருக்கிறார்.'

அதைப் படித்ததும் எனக்குக் காது சுட்டது. அந்தப் பிரதேசத்தில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. அதை இட்டுக்கட்டியவன் நான். அந்தப் பக்கத்தை வரைந்தவரும் வெளிநாட்டுக்காரர் இல்லை. ஆயுத பூஜைப் படத்தில் வலது ஓரத்தில் முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு நிற்கிறாரே, அவர். அலுவலகத்தில் எல்லோரும் அவரை ஆர்ட்டிஸ்ட் சார் என்றோம். இங்கே நானும் ஓவியர் என்றே எழுதுகிறேன். பெயரை, வர வேண்டிய இடத்தில் எழுதுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்த முதல் மாதம் நடந்ததை முதலில் கேளுங்கள். வெளிநாட்டுக் கதைகள் அப்போது படத்தாள்களாக வரும். பேச்சு பலூனில் இருக்கும் ஆங்கிலத்தின் மேல் வெள்ளை மை பூசி மறைத்து, அதற்கு மேல் தமிழை ஒட்டுவோம். நம் மொழிக்கு இடம் அதிகம் வேண்டும், பலூன் போதாமல் குதிரையின் காதையோ தொப்பியின் ஓரத்தையோ சேர்த்து மறைப்பதும் உண்டு. வெள்ளை மை பூசிய இடம் அச்சு கேமராவுக்கு வெறும் தாளாகத்தான் தெரியும். ஒருநாள் நான் இரண்டு பலூன்களை மாற்றி ஒட்டிவிட்டேன். வங்கிக் கொள்ளைக்காரன் 'சட்டத்தின் பெயரால் சொல்கிறேன், சரணடைந்துவிடு' என்கிறான். ஷெரீப் 'பையை எடு, ஓடிவிடலாம்' என்கிறார். ஒட்டி முடித்த பிறகுதான் கவனித்தேன். யாரிடமும் மூச்சு விடாமல் சுரண்டி எடுத்தேன். ஷெரீப்பின் தாடையும் கூடவே வந்துவிட்டது. வெள்ளை பூசி நானே தாடை வரைந்தேன். அது கொழுக்கட்டை மாதிரி வந்தது.

ஓவியர் பின்னால் நின்று எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்து ஐந்தே நிமிடத்தில் ஷெரீப்புக்குத் தாடையைத் திருப்பிக் கொடுத்தார். பிரஷைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"மூடுறது தப்பில்ல தம்பி. நம்ம தொழிலே அதான். ஆனா சொல்லிட்டு மூடு."

இதைவிட நல்ல வாக்கியம் ஒன்றை இந்தத் தொழிலில் எனக்கு யாரும் சொன்னதில்லை. பத்து வருடம் கழித்து அதையே நான் கோட்டைவிட்டேன், அதுவும் அவர் விஷயத்தில்.

அந்த வருடம் டிசம்பர் மழையில் அலுவலகத்துக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. மேஜைகளையும் மேல் அலமாரியையும் காப்பாற்றிவிட்டோம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பெருமூச்சு விடும்போதுதான், கீழ்த் தட்டில் இருந்த ஷெரீப் கதையின் கடைசி இரண்டு தாள்கள் கூழாகிக் கிடப்பதைப் பார்த்தோம். ஐந்து இதழ்களாக வந்துகொண்டிருந்த கதை. அடுத்த இதழில் முடிவு என்று அட்டையிலேயே போட்டாகிவிட்டது. வெளிநாட்டுக்கு எழுதி வேறு பிரதி வருவதற்குள் பொங்கல் கழிந்துவிடும். முதலாளியின் குடும்பம் குரோம்பேட்டையில் நெல் விளைந்த காலத்திலிருந்து இருக்கும் குடும்பம். எதற்கும் பதற மாட்டார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றபடியே முடிவெடுத்தார்.

"இன்னாபா, ரெண்டு பக்கம்தானே? நம்ம ஆர்ட்டிஸ்ட் கீறாரு இல்ல, அவரையே போட்டுக் குடுக்கச் சொல்லு."

ஓவியர் அட்டைக்கு எழுத்து வரைவார், காது போன குதிரைக்குக் காது வைப்பார். முழுப் பக்கம் வரைய அவரை யாரும் விட்டதில்லை. கதைச் சுருக்கத் தாளில் முடிவு ஒரே வரியில் இருந்தது: ஷெரீப் கைதியை ஒப்படைத்துவிட்டுத் தனியாக ஊர் திரும்புகிறார். அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். அந்த வருடம்தான் அவர் மனைவி இறந்திருந்தார். ஒரே மகளைத் திருநெல்வேலியில் விடுதியோடு பள்ளியில் சேர்த்திருந்தார். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வரியை அவர் எப்படிப் படித்தார் என்று யாரும் யோசிக்கவில்லை.

இரண்டே நாளில் பக்கங்களை பிளாஸ்டிக் பையில் சுற்றி, நனையாமல் கொண்டுவந்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். முதலாளி அவர் தோளைத் தட்டினார். பூட்ஸை ஒருவரும் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்போம்? படத்தாள்களைத் தரையில் பரப்பி வேலை செய்வதால் எங்கள் அலுவலகத்துக்குள் செருப்பு வராது. பதினொரு பேரின் செருப்பும் வெளியே படியில் கிடந்தது. வீட்டுக்கு வந்த மனுஷன் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் அதில் பார்க்க என்ன இருக்கிறது? பின்னாளில் மூலப் பிரதி வந்தபோது பார்த்தேன். அதில் ஊரே திரண்டு மேளதாளத்தோடு ஷெரீப்பை வரவேற்கிறது. பூட்ஸ் கழற்றும் பேச்சே இல்லை.

இதழ் வந்து மூன்று வாரத்தில் பல்லாவரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அப்போது கடிதப் பக்கம் என் பொறுப்பு. மதியச் சாப்பாட்டு வேளையில் கடிதங்களை உரக்கப் படிப்பது வழக்கம். அதைப் பாதி படித்தபோதே ஓவியர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து வந்தார். கடிதம் எனக்கு இன்னும் வரிக்கு வரி நினைவிருக்கிறது:

'கடைசி இரண்டு பக்கங்களை வரைந்தது வேறு கை. குதிரை வேறு மாதிரி நிற்கிறது, நாய் நம் தெரு நாய். ஷெரீப் வாசலில் பூட்ஸைக் கழற்றுகிறார். நம் ஊர்க்காரர் ஒருவர்தான் இதை வரைந்திருக்க வேண்டும். அந்தப் பூட்ஸைப் பார்த்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் யார்? அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.'

ஓவியர் கடிதத்தைக் கையில் வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. "இதப் போடுவியா தம்பி?" என்று கேட்டார். போடுவேன் என்றேன்.

முதலாளி யோசித்தார். உரிமை கொடுத்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு நாம் பக்கம் வரைந்தது தெரிந்தால் பேஜாராகிவிடும் என்றார். ஆனால் கடிதத்தைப் போடாதே என்று சொல்லவில்லை. பதிலை நீயே பார்த்து எழுதிச் சமாளித்துக்கொள் என்று விட்டுவிட்டார். ஆகவே பழியை அவர்மேல் போட எனக்கு வழியில்லை. கடிதத்தைப் போட்டு, 'வணக்கம் உரியவரிடம் சேர்ந்தது' என்று ஒரே வரி எழுதியிருந்தால் போதும். யாருக்கும் தெரியாது, ஓவியருக்குத் தெரியும். அந்த ஒரு வரி எனக்குத் தோன்றவில்லை. என் பதில்களைப் படிக்கவே இதழ் வாங்குகிறோம் என்று நாலு பேர் எழுதியிருந்த காலம் அது, தலைக்கனம் கொஞ்சம் இருந்தது. பத்து நிமிடத்தில் எழுதினேன்:

'சகோதரி, உங்களுக்குக் கழுகுக் கண். ஆனால் இந்த முறை கழுகு ஏமாந்துவிட்டது. வரைந்தது எல்லாம் ஒரே கைதான். புழுதி அதிகமான அந்தப் பிரதேசத்தில் காலணியை வாசலில் கழற்றுவதே வழக்கம். உங்கள் வணக்கத்தைக் கடல் கடந்து அனுப்பிவைக்கிறோம்.'

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் அதற்கு மேல் நெய்யும் ஊற்றினேன். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி தப்பித்தோம் என்றார். இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த மனிதருக்கு வந்த வணக்கத்தை நான் கடல் தாண்டி அனுப்பியிருந்தேன். இதழ் வந்த அன்று அவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்க தம்பி" என்றார். குத்தலாகச் சொல்லியிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். பாராட்டாகவே சொன்னார்.

மூன்று மாதம் கழித்துக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றுக்குப் போய்விட்டார். அவர் இறந்த செய்தியே எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. துக்கம் கேட்கக்கூட நான் போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இப்போது நிவேதாவிடம் வருகிறேன். திங்கட்கிழமை மாலையே அவரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம்தான் புத்தகத்திலேயே அவருக்கு ரொம்பப் பிடித்ததாம். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், வெள்ளிக்கிழமை பிரிண்டுக்குப் போகுது. எம்.டி.கிட்ட கேக்கறேன், ஆனா ஆதாரம் கேப்பாரு."

எம்.டி. என்றால் பழைய முதலாளியின் மகன். அப்படியேதான் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஒரு கிழவனின் ஞாபகத்தை மட்டும் நம்பி வெளிநாட்டு ஓவியரின் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போட முடியுமா? மூலத் தாள்களோ பென்சில் வரைவோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அலுவலகத்தில் ஒன்றும் இல்லை. இருந்தால் ஓவியர் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை அஸ்தினாபுரம் போனேன். பதினொரு வருடம் ஒரே அறையில் அவரோடு வேலை பார்த்திருக்கிறேன். அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரம்தான். ஒருமுறைகூட அந்த வீட்டுக்கு நான் போனதில்லை. ஆட்டோவை விட்டு இறங்கி, மருந்துக் கடையில் விசாரித்து, சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்ட ஒரு தெருவில் அந்தச் சின்ன வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் தட்டும் முன் செருப்பைக் கழற்றினேன். குனிந்தபோது பார்த்தேன். மூன்று படிகள். நடுப் படியின் வலது மூலை, தேங்காய்க் கீற்றை எடுத்த மாதிரி வளைவாக உடைந்திருந்தது. மேல் படியில் என் செருப்பு மட்டும் கிடந்தது, என் பையன் பயந்த அதே ஒற்றை ஜோடி.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஷெரீப்பின் வீட்டுக்கு அதே மூன்று படிகள், நடுப் படியில் அதே உடைசல். நீங்கள் எடுத்துப் பார்க்கலாம்.

மகள் ஷீலாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் வேலை. நான் யார் என்று சொன்னதும், "வாங்க அங்கிள், அப்பா உங்களப் பத்தி நெறைய சொல்லுவாரு" என்றார். அப்பாவின் படங்கள் எதுவும் இல்லை, பின்னால் வந்த ஒரு வெள்ளத்தில் எல்லாம் போய்விட்டன என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், ஒரு பைபிளை எடுத்துவந்தார். அதற்குள் மடித்து வைத்த ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. கடிதப் பக்கத்திலிருந்து கத்தரித்தது. டிராயிங் டீச்சரின் கடிதம் முழுதாக இருந்தது. 'வணக்கத்தைச் சொல்லுங்கள்' என்ற வரியோடு, அளவுகோல் வைத்த மாதிரி நேராக வெட்டியிருந்தார். அதற்குக் கீழே இருந்த என் பதில் இல்லை.

"லீவுக்கு வந்தப்போ அப்பா இதக் காமிச்சாரு. பதில் என்ன போட்டாங்கன்னு கேட்டேன். பத்திரிகைல எல்லாத்துக்கும் பதில் போட மாட்டாங்கம்மான்னுட்டாரு" என்றார் ஷீலா. பிறகு என்னைப் பார்த்து, "பதில் எதுனா வந்துச்சா அங்கிள்?" என்று கேட்டார்.

சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். அவர் கோபப்பட்டிருக்கலாம். துண்டை மடித்துப் பழைய இடத்திலேயே வைத்தார். அப்பா அந்தப் பத்திரிகையை வீட்டில் வைத்திருக்கவே இல்லை, இந்தத் துண்டு மட்டும்தான் இருந்தது, ஏன் என்று இப்போதுதான் புரிகிறது என்றார். காபி போட எழுந்து போனார். அவர் திரும்பி வரும்வரை நான் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. தன் மகள் முன்னால் என் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று, நான் பண்ணியதை அந்த மனிதர் கத்தரியால் மூடியிருக்கிறார். சொல்லிவிட்டு மூடு என்று எனக்குச் சொன்னவர், அந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் மூடினார்.

ஷீலாவின் சம்மதத்தோடு படியையும் கடிதத் துண்டையும் போனில் படம் எடுத்து, அங்கிருந்தே நிவேதாவுக்கு அனுப்பினேன். வியாழக்கிழமை அவர் அழைத்தார். எம்.டி. இரண்டு படங்களையும் பக்கத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு, வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தானே எழுதிவிடுவதாகவும் பெயரைப் போடலாம் என்றும் சொல்லிவிட்டாராம். டீச்சரின் கடிதத்தையும் பக்கத்திலேயே அச்சிடப் போகிறார்களாம். சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் என் பதிலுக்கு வந்தார். என் கடிதப் பக்கத்தைப் புகழ்ந்து இதே புத்தகத்தில் நாலு பக்கம் வருகிறது என்பது அவர் கவலை.

"உங்க பதில மட்டும் கட் பண்ணிடறோம் சார். யாருக்கும் தெரிய வேணாம்."

நல்ல மனதோடு சொன்னார். ஒரு நிமிடம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? ஆயுத பூஜைப் படத்தில் உள்ள ஒருவரும் வந்து கேட்கப் போவதில்லை.

"வேணாம்மா. அத ஒரு தடவ அவரே எனக்காகக் கட் பண்ணிட்டாரு. அது போதும்" என்றேன்.

உங்கள் எட்டுப் பேருக்கும் நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். இனி இந்தத் தாள்களை முடித்து அனுப்பும் வேலை பாக்கி. நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கும் குறிப்பை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம்.

'இந்தப் பக்கத்தை வரைந்தவர் அஸ்தினாபுரம் ஜெ. அருள்ராஜ். படிகள் அவர் வீட்டுப் படிகள். வாசகி கேட்டும் அவர் பெயரைச் சொல்லாமல் மறைத்த பதில் கீழே உள்ளது. அதை எழுதியவன் நான்.'

அதன் கீழே என் பெயரைப் போடுங்கள். இனிஷியலோடு.